மகாராணியின் ஒரு வாரத் தீனி

குடையை மடக்குகிறேன் பேர்வழி என்று அவள் உதறிய உதறலில், அவன் அப்போதுதான் பிரித்து வைத்திருந்த கிளித் தீனி மூட்டைக்குள் தண்ணீர் சடசடவென்று விழுந்தது.

"ஏங்க! குடையைக் கடைக்குள்ளயா உதறுவாங்க?"

"வாசலை அடைச்சு மூட்டையை விரிச்சு வெச்சிருக்கீங்க. நான் என்ன பறந்தா வர முடியும்?"

"பறந்து வந்திருந்தா பிடிச்சுக் கூண்டுல போட்டிருப்போம்..."

முறைக்கத்தான் நிமிர்ந்தாள். பாதி முறைப்பிலேயே சிரிப்பு வந்துவிட்டது. இமை நுனியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது... கிளிக்கும் புறாவுக்கும் மீனுக்கும் என்ன வேண்டும் என்று அத்துப்படியாகத் தெரிந்தவனுக்கு, அந்தக் கண்களுக்கு என்ன பதில் சொல்வது என்று மட்டும் தெரியவில்லை.

எதிரே மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள் அவள். புதிதாக ஒரு பூனைக்குட்டி வந்திருக்கிறதாம்.

"அதுக்குச் சாப்பாடு வேணும். ஆனா கறி, மீன் எதுவும் கலந்திருக்கக் கூடாது. எங்கப்பா அதையெல்லாம் வாசப்படி தாண்ட விட மாட்டார். அந்தக் கண்டிஷன்லதான் அவளையே உள்ள சேர்த்தார்."

"யாரை?"

"மகாராணியைத்தான். பூனைங்க!"

'இல்லைங்க' என்று அவன் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளியம்மா சொல்லித் தந்த பாடம்: "நாய் எதையாவது தின்னு சமாளிச்சுக்கும். பூனைக்குக் கறி இல்லாம முடியாது. நல்லா ஞாபகம் வெச்சுக்கோ." ஞாபகம் இருந்தது. ஆனால் இல்லை என்றால் அவள் குடையை விரித்துக்கொண்டு போய்விடுவாளே...

அடித்தட்டில் வயசான நாய்களுக்கான பிஸ்கட் இருந்தது. தானியமும் பட்டாணியும் சேர்த்துச் செய்த குட்டிக் குட்டி பிஸ்கட். பெயர் எழுதாத ஒரு கவரில் அதைக் கொட்டினான்.

"பூனைக்கு ஆகும்ல?"

"தாராளமா!"

அதோடு விட்டானா? ஒரு வாரத்துக்கு மட்டும்தான் கொடுத்தான். "அதிகம் வாங்கினா நமுத்துப் போயிடுங்க. வாராவாரம் வந்து புதுசா வாங்கிக்கங்க." பெரிய பை மூன்று மாதம் ஆனாலும் நமுக்காது. அதுவும் அவனுக்குத் தெரியும்.

சனிக்கிழமைகள் வந்தன... பத்து மாதச் சனிக்கிழமைகள்! அவள் கடைவாசலில் கால் வைத்தால் கிளிகள்கூட ஒரு நொடி வாயை மூடிக்கொள்வதாக அவனுக்குத் தோன்றும்.

"என்ன மூட்டைக்காரரே, சுகமா?"

"இவ்வளவு நேரம் சுமார். இப்பதான் சுகம்."

"நாக்கை முதல்ல டெஸ்ட் பண்ணணும் உங்களுக்கு. கண்ணு அப்புறம்!" என்று சிரிப்பாள். பிறகு, "எங்க கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், மகாராணிக்குன்னு தனியா டயட்டீஷியன் இருக்காருன்னு!"

அந்தப் பட்டம்தான் அவன் வாயைக் கட்டிப்போட்டது. இனி எப்படிப் போய், 'நான் கொடுத்தது நாய் பிஸ்கட்' என்று சொல்வது? குட்டி நன்றாகத்தானே தின்கிறது, வளர்கிறது... தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டான்.

ஒரு சனிக்கிழமை அவள் சொன்னாள்: "இப்பல்லாம் மகாராணிக்குத் திமிர் ஏறிப்போச்சு. நாற்காலி இருக்கிறது தெரிஞ்சும் போய் முட்டுறா. ஆனா கண்ணு... அடடா! பட்டப்பகல்லகூடக் கறுகறுன்னு விரிஞ்சு, ரெண்டு திராட்சை மாதிரி... பார்த்துக்கிட்டே இருக்கலாம்."

அவன் கை கவரிலேயே நின்றுவிட்டது.

அவள் போனதும், யாரோ ஒருவருடைய பூனைக்கு இப்படி என்று முதலாளியம்மாவிடம் கேட்டான். மீன் தொட்டி கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார்: "பார்வை போகுதுன்னு அர்த்தம்பா. கறியில இருக்கிற சத்து கிடைக்கலைன்னா முதல்ல கண்ணு, அப்புறம் இதயம். என்னத்தைத் தின்னக் கொடுக்கறாங்களாம்?"



திங்கட்கிழமை தெருவைக் கடந்து போனான். பதினைந்து அடி தூரம்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் ஒரு பெரியவரின் கண்ணில் சின்ன டார்ச் அடித்து, "மேல பாருங்கய்யா... கீழ பாருங்க..." என்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லார் முன்னாலும் எப்படி... சனிக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டான்.

அந்தச் சனிக்கிழமை அவள் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை வந்தாள். கையில் மூடி போட்ட கூடை. 'மூட்டைக்காரரே' என்று கூப்பிடவில்லை. கூடையைக் கவுண்டர்மேல் வைத்தாள். உள்ளே மகாராணி சுருண்டு கிடந்தது. விரிந்த கண்கள் இரண்டும் அவனுக்கு நேராகத்தான் இருந்தன... எதையும் பார்க்கவில்லை.

"டாக்டர்கிட்ட போனேன். கண்ணுக்கு உள்ள கெட்டுப்போச்சாம். வெளிச்சம் மட்டும் கொஞ்சம் தெரியும்போல. இதயம் தப்பிச்சிருக்கு. இனியாவது கறி கலந்த சாப்பாடு கொடுத்தே ஆகணும்னுட்டார். அப்பா முடியவே முடியாதுன்னுட்டார்." குரல் உடைந்தது. "அதான்... இவளை நீங்க வெச்சுக்கங்க. சனிக்கிழமை வந்து பார்த்துக்கறேன். உங்களைத் தவிர யாரை நம்பி விடறது? உங்களுக்கும் தெரியாமப் போச்சு, பாவம்..."

தப்பித்துக்கொள்ளக் கதவு அகலத் திறந்திருந்தது. 'ஆமாங்க, தெரியாமப் போச்சு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பூனை இங்கே இருக்கும்... அவளும் வந்துகொண்டே இருப்பாள்...

"எனக்குத் தெரியுங்க."

"என்ன தெரியும்?"

"பூனைக்குக் கறி வேணும்னு தெரியும். முதல் நாளே தெரியும். நான் கொடுத்தது நாய் பிஸ்கட். கண்ணு விரிஞ்சிருக்குன்னு நீங்க சொன்ன அன்னைக்கே அது என்னன்னும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். சொல்ல வந்துட்டு, உங்க கடை வாசல்லேர்ந்து திரும்பிட்டேன்."

அவள் முகத்தில் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

"ஏன்?"

"உங்க முகத்தைப் பார்த்து 'இல்லை'ன்னு சொல்ல வரலைங்க. சொன்னா நீங்க வர மாட்டீங்களேன்னு... எனக்கு உங்களை அவ்வளவு பிடிச்சிருந்துச்சு."

கிளிகள் கத்திக்கொண்டிருந்தன. அவள் கூடைக்குள் கையை விட்டு, பூனையின் நெற்றியை நீவிக்கொண்டே நின்றாள்.

"ஒரு நாளைக்கு நாப்பது பேரோட கண்ணைப் பார்க்கறேன்," என்றாள் மெதுவாக. "இவ கண்ணைப் பார்த்து அழகுன்னு ரசிச்சுக்கிட்டிருந்திருக்கேன். நான் அப்பாவுக்குப் பயந்தேன். நீங்க எனக்குப் பயந்தீங்க. நடுவுல இவ கண்ணு போச்சு."

அவன் தலை நிமிரவில்லை.

"இவளை இங்க விடப் போறதில்லை. வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன். கறி உள்ள வரக்கூடாதுன்னா, நானும் இவளும் வெளிய வந்துடறோம்னு அப்பாகிட்ட இன்னைக்குச் சொல்லப் போறேன். பத்து மாசம் முன்னாடியே சொல்லியிருக்கணும்... எது சரியோ அதை எடுங்க."

அவன் பூனைத் தீனி அடுக்கிலிருந்து ஒரு பையை எடுத்தான். பின்பக்கம் அச்சடித்திருந்ததை ஒரு வரி விடாமல் அவளுக்குப் படித்துக் காட்டினான். கோழி எவ்வளவு, மீன் எவ்வளவு, கண்ணுக்கு வேண்டிய அந்தச் சத்து எவ்வளவு... படிக்கும்போது குரல் இரண்டு இடத்தில் நின்றது.

அவள் வாங்கிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது.

"இதைக் கொடுத்தா... பார்வை திரும்பி வருமா?"

வரும் என்று சொல்லச் சொல்லி அந்த முகம் கெஞ்சியது. அவன் நேராக அந்தக் கண்களைப் பார்த்தான்.

"வராதுங்க."

ஒரு துளி இறங்கிக் கன்னத்தில் ஓடியது. அவள் துடைக்கவில்லை.

"டாக்டரும் அதையேதான் சொன்னார்."

கூடையை மார்போடு அணைத்துக்கொண்டாள். தெருவைப் பார்த்தபடியே, அவனுக்குக் கேட்டும் கேட்காத குரலில் சொன்னாள்:

"எனக்கும் உங்களைப் பிடிக்கும்... இன்னைக்கு இதைச் சொல்ற மனசு இல்லை. ஆனா, இல்லைன்னு பொய் சொல்லவும் வரலை."