யாரும் சொல்லி எடுக்காத படம்

“அதைக் கழட்டி உள்ளுக்க வைங்க.”

“எதை?”

“எதையா... அந்தக் கண்ணாடிக்குள்ள பல்லைக் காட்டிச் சிரிச்சிக்கிட்டு ஒருத்தி இரிக்காளே, அவளத்தான்.”

ஸ்டூடியோக்காரன் நோபேட் படத்தைப் பார்த்தான். பிறகு, வாசலில் சொட்டச் சொட்ட நின்ற அஞ்சலாவைப் பார்த்தான். ஒரே முகம்தான்... ஆனால் இந்த முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை.

எல்லாம் அந்த மழையால் வந்தது. வக்கீல் வேலை பார்க்கும் புறக்டரின் கந்தோரில் டைப் அடித்து முடித்து வீட்டுக்குப் போனவளின் குடையைக் காற்று மறுபக்கம் புரட்டிவிட்டது. ஒதுங்கலாம் என்று ஸ்டூடியோ வாசலுக்கு ஓடினால்... அங்கே அவளே அவளைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

போன கிழமைதான் அப்பா மத்தேயு அவளை இங்கே கூட்டி வந்திருந்தார். கலியாணப் பேச்சுக்குக் கொடுக்க ஒரு படம். அன்றைக்கு இவன் முக்கால்வாசி நேரமும் கமெராவின் கறுப்புத் துணிக்குள் இருந்தான். “முகத்தக் கொஞ்சம் கிறுக்குங்க... இந்தப் பக்கம் திருப்புங்க...” என்ற குரல்தான் வெளியே வந்தது. இப்போதுதான் அவன் முகத்தைப் பார்க்கிறாள். மழைக்கு இருண்ட வாவி மாதிரி இரண்டு கண்கள்... சண்டை பிடிக்கும் நேரத்தில் இதையெல்லாம் ஏன் பார்க்கிறேன் என்று தன் மேலேயே கோபம் வந்தது.

“நானும் உங்கள இப்பதான் நேராப் பாக்கன்,” என்றான். “கமெராக் கண்ணாடியில ஆக்கள் தலைகீழாத்தான் தெரிவாங்க.”

“தலைகீழாப் பாத்ததுக்கே கடை வாசல்ல வைச்சிட்டீங்க. நேராப் பாத்தா என்ன செய்வீங்களோ.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

“ஞாயிறு பூசைக்கு அப்பா இந்த வழியாத்தான் வருவார். கண்டார் எண்டா நான் வேலைக்குப் போனது காணும் எண்டு வீட்டோட நிப்பாட்டிருவார். உங்களுக்கு அது ஒரு படம். எனக்கு வேலை போயிரும்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “காசு குடுத்து எடுக்கச் சொன்ன ஆளுக்குத்தான் படத்திட உரிமை. அதுதான் சட்டம். போன மாசம் இப்பிடி ஒரு வழக்குக்கு நானே டைப் அடிச்சனான்.”

“சட்டம் சரிதான். ஆனா உங்கட அப்பா எடுக்கச் சொன்னது, வாயை மூடிக்கிட்டு நேராப் பாக்கிற படம். அது மூண்டு கொப்பியும் குடுத்திட்டன். இது ஆரும் எடுக்கச் சொல்லாத படம்.”

அவளுக்கு நினைவு வந்தது. அப்பா செருப்புப் போட வெளியே போனார். அந்த நேரம் கறுப்புத் துணிக்குள் ஒரு தும்மல்... மூன்று காலும் ஆட, கமெராவே தும்மியது போல் இருந்தது. அடக்க முடியாமல் சிரித்தாள். அப்போது கேட்ட ‘கிளிக்’ சத்தம் இதுதானா...

“புறக்டரிட்டயே கேக்கன்,” என்றுவிட்டுப் போனவள், சனிக்கிழமை அவரிடம் கேட்டாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி அவர் சொன்னார்: “முகம் உன்ட. படம் அவன்ட.”

மாலையில் நோபேட் ஸ்டூடியோ வாசலிலேயே நின்றான்.

“புறக்டர் என்ன சொன்னார்?”

“நீங்க சொன்னது சரியாம்.”

“அப்ப ஒருக்காக் கேளுங்களன். கழட்டுறன்.”

“உரிமை இருந்தாக் கேப்பன். இல்லாத இடத்தில கெஞ்ச மாட்டன்.”

திரும்பிப் பாராமல் நடந்தாள். கண் மட்டும் சொல்வழி கேட்காமல் கலங்கியது.

ஞாயிறு. அப்பாவுக்குப் பக்கத்தில் நடக்கும்போது நெஞ்சு தட்டச்சு இயந்திரம் மாதிரி அடித்தது. ஸ்டூடியோ வந்தது... கண்ணாடிக்குள் ஒரு மொட்டைக் குழந்தை உட்கார்ந்திருந்தது. “நல்ல பிள்ள,” என்றார் அப்பா. நடந்தார்.

திங்கட்கிழமை மழையே இல்லை. ஆனாலும் அவள் ஸ்டூடியோவுக்குள் போனாள்.

“சட்டம் உங்கட பக்கம்தானே. ஏன் கழட்டினீங்க?”

“சட்டம் என்ட பக்கம் நிண்டிச்சி... நீங்க கிறுகியும் பாக்காமப் போயிட்டீங்க.” அவன் ஒரு கடதாசி உறையை நீட்டினான். “நெகட்டிவ். இனி ஆரும் கொப்பி அடிக்க ஏலா. ஊருக்குக் காட்ட நான் அதை வைக்கல்ல. கண்டா நீங்க ஒரு நாளாவது சண்டைக்கு வருவீங்க எண்டுதான் வைச்சன்.”

அவள் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்தாள். கூந்தல் வெள்ளை, பல் கறுப்பு. அப்படியும் சந்தோசமாகத்தான் இருந்தாள் அந்தப் பெண்...

“அஞ்சலா... உங்கட அப்பாட்ட வந்து கேக்கவா?”

“என்னத்த? படமெண்டா அப்பாட்டக் கேளுங்க, காசு குடுத்தவர் அவர்.” அவள் உறையைக் கைப்பைக்குள் வைத்து மூடினாள். “என்னை எண்டா... முதல்ல என்னட்டக் கேக்கணும்.”

கமெரா இல்லை, கறுப்புத் துணி இல்லை. ஒளிய இடமில்லாமல் நின்று கேட்டான்.

“ஓம்,” என்றாள். “மறுகா அப்பாட்ட வாங்க. தும்மாம வாங்க.”

இப்போது நெகட்டிவ் அவளுடைய கைப்பையில், உரிமை அவனுடையது, முகமோ அவளுடையது... நீங்களே சொல்லுங்கள், அந்தச் சிரிப்பு இனி யாருக்குச் சொந்தம்?