கை எடுக்காதவர்

வெயில் சாய ஆரம்பித்த பிற்பகலில், விமானக் கொட்டகையின் தகரக் கதவுக்கு முன்னால் அவள் டாக்ஸியை விட்டு இறங்கினாள். பெரிய விமான நிலையம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே ஓர் ஓடுபாதை, காற்றின் திசையைக் காட்ட ஒரு துணிப்பை, ஓரமாக நாலைந்து தகரக் கொட்டகைகள். சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருப்பவர்கள் அங்கே வாடகைக்கு நிறுத்தி வைப்பார்கள். கடைசிக் கொட்டகையில் நின்ற வெள்ளை விமானம் அவளுடையது. அப்படிச் சொல்லிப் பழகி இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. அதற்கு முன்னால் அது அவள் கணவருடையது.

அவள் பல் டாக்டர். கணவர் கட்டுமானச் சாமான் வியாபாரி. ஆனாலும் இங்கே எல்லோருக்கும் அவர் ‘கேப்டன்’தான். அப்படிக் கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்கும் என்று தெரிந்துதான் கூப்பிட்டார்கள்.

விமானத்துக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. விமானங்களுக்குக் கருவிகள் பொருத்துகிற ஆள். பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. ‘கரண்ட்’ என்றால் தெரியும்.

“வாங்க டாக்டரம்மா,” என்றன கால்கள். பிறகு முகமும் வந்தது. “மாப்பிள்ளைக்கு அலங்காரம் எல்லாம் முடிஞ்சுது. வாங்கப் போறவரு கண்ணு வச்சிடப் போறாரு.”

“அவர் நாளைக்கு வர்றார். இன்னைக்கே ஓட்டிப் பாத்துடலாம்.”

“அதுக்குத்தான் எங்க பைலட் இருக்காரே. நீங்க எதுக்கு இந்த வெயில்ல?”

“நான்தான் ஓட்டணும், தம்பி.”

அவள் இறக்கையில் கால் வைத்து ஏறி, இடது இருக்கையில் உட்கார்ந்தாள். வட்ட வட்டமான பழைய கருவிகள் போய், அந்த இடத்தில் இரண்டு பெரிய திரைகள். புதுப் பிளாஸ்டிக், ஈயம் வைத்துப் பற்றவைத்த ஒயர், பசை, இவற்றின் வாசனை. அவள் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தாள். தேடிய வாசனை இல்லை. கணவர் எப்போதும் வாயில் அடக்கியிருந்த இருமல் மிட்டாயின் அந்தப் புதினா நெடி இல்லவே இல்லை.

“பழசு எதுவும் உள்ள விடலையே?”

“ஒரு திருகாணி கூட விடல. பழைய ஆட்டோபைலட், அதோட மோட்டார், எல்லாம் வெளிய. ஸ்டியரிங் ரெண்டையும் மாத்தச் சொன்னீங்களே, அதையும் மாத்திட்டேன். எதுக்குன்னுதான் புரியல. நல்லாத்தானே இருந்துது.”

“இருந்துது,” என்றாள் அவள்.

உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மேலே போக முடியும். இந்த மாதிரி விமானத்தில் முன்னிருக்கை இரண்டு, ஆளுக்கொரு ஸ்டியரிங். இரண்டும் உள்ளுக்குள்ளே கம்பியால் கட்டப்பட்டவை. இடதைத் திருப்பினால் வலதும் திரும்பும். பக்கத்தில் இருப்பவர் ஒரு விரலை வைத்தாலும் போதும், அந்த விரலின் கனம் உங்கள் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும்.

கேப்டன் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். பரீட்சையும் எழுத வைத்தார், லைசென்ஸும் வாங்க வைத்தார். “நீ ஓட்டு” என்பார். அவள் ஓட்டுவாள். ஆனால் அவருடைய இரண்டு விரல்கள் அந்தப் பக்கத்து ஸ்டியரிங்கை விட்டதே இல்லை. இடது பக்கமாக லேசாக ஓர் இழுப்பு இருந்துகொண்டே இருக்கும். அவளிடம் தப்பு கண்டால் மோதிரத்தால் இரண்டு தட்டு.

டிக். டிக்.

அவ்வளவுதான். கத்த மாட்டார், திட்ட மாட்டார். தரையில் இறங்குகிற நேரம் வந்தால் இரண்டு கையாலும் பிடித்து அவரே இறக்கிவிடுவார். வீட்டிலும் அப்படித்தான். காரை அவள் ஓட்டினாலும் அவர் விரல் ஸ்டியரிங்கில் இருக்கும். அவள் பல் மருத்துவமனைக்கு நாற்காலி வாங்கினாலும் நிறத்தை அவர் மாற்றியிருப்பார். அடித்தார் என்றால் அழலாம், குடித்தார் என்றால் ஊரிடம் சொல்லலாம். கை எடுக்க மாட்டேன் என்கிறார் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

மகள் மட்டும் ஒரு நாள் சொன்னாள். கார் ஓட்டப் பழகிய மூன்றாம் வாரம், நடுத் தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தாள். “இனிமே அப்பா உக்காந்திருக்கிற வண்டிய நான் தொட மாட்டேன்.” தொடவில்லை. வேலை கிடைத்துத் தூரமாகப் போனாள். பண்டிகைக்கும் வரவில்லை, விசேஷத்துக்கும் வரவில்லை. அவர் போன பிறகுதான் வந்தாள்.

கரண்ட் வலது இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினான். முதல் சோதனை தரையிலேயே நடக்கும். விமானத்தைத் தானாகவே ஓட்டுகிற ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டு, அது பிடித்திருக்கும்போதே ஸ்டியரிங்கை மீறித் திருப்ப வேண்டும். இயந்திரம் எதிர்க்கும், எதிர்த்துவிட்டு வழுக்கிக் கொடுக்க வேண்டும்.

“மனுஷன் கை ஜெயிக்கணும்,” என்றான் கரண்ட். “ஜெயிச்சாத்தான் மேல போகலாம். இல்லேன்னா இறங்கி வீட்டுக்குப் போயிடலாம், டீ குடிக்கலாம்.”

அவள் திருப்பினாள். பிடித்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். வழுக்கிக் கொடுத்தது.

பல் பிடுங்குகிறவளின் கை அது. எது வேரோடு பிடித்திருக்கிறது, எது சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று விரல் நுனியில் தெரிந்துகொள்ளும். இது வெறும் மோட்டார். இதில் ஆள் இல்லை. அவள் தோள் இரண்டும் இறங்கின.

மேலே போனார்கள். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. கரண்ட் பொத்தான் பொத்தானாக அழுத்தினான். திசை சொன்னார்கள், திரும்பியது. உயரம் சொன்னார்கள், போய் நின்றது. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்குகள் தாமாகவே சாய்ந்து நிமிர்வதைப் பார்த்தாள்.

“என் சம்சாரத்துக்கு இப்படி ஒண்ணு மாட்டணும்,” என்றான் கரண்ட். “சொன்ன திசையில திரும்பும், சொன்ன இடத்துல நிக்கும்.”

“அவங்க உனக்கு மாட்டாம இருந்தா சரி.”

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அந்த விமானத்துக்குள் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

“எல்லாம் சுத்தம். அணைச்சிட்டு இறக்கிடுங்க.”

அவள் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். ஆட்டோபைலட் விட்டுவிட்டதற்கு அடையாளமாக ஹெட்செட்டில் கீச்சென்று ஒரு சத்தம். அவள் ஸ்டியரிங்கைக் கையில் எடுத்தாள்.

இங்கேதான் அவள் ஒருவரிடமும் சொல்லாததை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேப்டன் செத்தது இந்த விமானத்தில். அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள், அவர் வலது இருக்கையில், விரல் வழக்கம்போல ஸ்டியரிங்கில். அந்த இழுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டே வந்தாள். அவர் தலை தொங்கியிருந்தது, தூங்குகிறார், தூக்கத்திலும் விட மாட்டார் என்று மனசுக்குள் கறுவினாள். தரைக்குப் பக்கத்தில் வந்தபோது மோதிரம் இரண்டு தட்டுத் தட்டியது. ஸ்டியரிங் தானாக அவள் கையை இழுத்துக்கொண்டு போய்ப் பூப் போல இறக்கியது. நின்ற பிறகு தொட்டுப் பார்த்தாள். சில்லிட்டிருந்தார். இறங்குவதற்கு வெகு முன்னாலேயே உயிர் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். விரல் வீங்கியிருந்ததால் மோதிரம் கழலவில்லை. அதோடேயே அடக்கம் செய்தார்கள்.

செத்த புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தைரியமாக இறக்கினாள் என்று எல்லோரும் அவளை மெச்சினார்கள். மெச்ச மெச்ச அவளுக்கு நாக்கில் கசந்தது. இறக்கியது யார் என்று அவளுக்குத் தெரியும். விற்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, தன் கையாலேயே தரையில் இறக்க வேண்டும். அவள் வந்தது அதற்காகத்தான்.

ஓடுபாதை தூரத்தில் சாம்பல் நிறக் கோடாகத் தெரிந்தது.

அப்போது உள்ளங்கைக்குத் தெரிந்தது.

இடது பக்கமாக, லேசாக, ஓர் இழுப்பு.

“தம்பி, ஆட்டோபைலட் அணைஞ்சிருக்கா?”

“அணைஞ்சிருக்கு. ஏன்?”

“அதோட பிரேக்கரையும் இழுத்துடு.”

அவன் கேள்வி கேட்காமல் கருப்புக் குமிழை வெளியே இழுத்தான். இனி அந்த மோட்டாருக்கு மின்சாரமே இல்லை.

இழுப்பு இருந்தது.

புதுப் பிளாஸ்டிக் வாசனைக்குள்ளிருந்து, மெல்ல, புதினா நெடி எழுந்தது.

டிக். டிக்.

கரண்ட் தன் முன்னாலிருந்த ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு கைகளையும் அக்குளுக்குள் இறுக்கி வைத்திருந்தான்.

“டாக்டரம்மா,” என்றான், கிசுகிசுப்பாக. “நான் தொடல.”

“தெரியும்.”

“மடி கனக்குது.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கண் பாதையை விட்டுவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

“யாரோ உக்காந்த மாதிரி கனக்குது, டாக்டரம்மா.”

தரை மேலே எழும்பி வந்தது. கடைசிக் கொட்டகையின் தகரக் கூரை இறக்கைக்குக் கீழே பளிச்சிட்டு மறைந்தது. இழுப்பு இப்போது இரண்டு விரலாக இல்லை. இரண்டு கையாக இருந்தது. மூக்கை எவ்வளவு தூக்க வேண்டும், எப்போது தூக்க வேண்டும் என்று அதற்கு எல்லாம் தெரியும். அவள் கையை விட்டுவிட்டால் போதும், பூப் போல இறங்கிவிடும். ஊரே மெச்சும்.

அவள் விடவில்லை. வலது பக்கமாக இழுத்துப் பிடித்தாள்.

“விடுங்க,” என்றாள்.

அந்த ஒரு வார்த்தையை அவள் அவரிடம் சொன்னதே இல்லை. உயிரோடு இருந்தபோது சொல்லியிருந்தால் விட்டிருப்பாரோ என்னவோ.

“இது என்னோடது. விடுங்க.”

விட்டது.

ஒரேயடியாக விட்டது. அவள் இழுத்த வேகத்தில் விமானம் வலது பக்கம் சாய்ந்தது. இறக்கை நுனி புல்லைத் தொட்டுவிடும் போல வந்து நிமிர்ந்தது. ஒரு சக்கரம் தரையில் இடித்தது. துள்ளியது. மறுபடி இடித்துத் துள்ளியது. பிறகு பெரிய மூச்சு விட்ட மாதிரி உட்கார்ந்து ஓடி, பாதையின் கடைசியில் போய் நின்றது.

உலகத்திலேயே அசிங்கமான இறக்கம் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் அவளுடையது. நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், எது எதுவென்று அவளுக்கே தெரியவில்லை.

கொட்டகைக்கு வந்து இறங்கியபோது கரண்ட் தன் தொடைகளைத் தேய்த்து விட்டுக்கொண்டான்.

“புதுக் கருவியில ஒரு குறையும் இல்ல,” என்றான், தரையைப் பார்த்தபடி.

“தெரியும், தம்பி.”

“என்ன கேட்டா, சீக்கிரம் வித்துடுங்க.”

கூட்டிப்போக வந்த மகள் காரோடு வாசலில் காத்திருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவள் முகமும் மலர்ந்தது.

“எப்படி இருந்துது?”

“ரெண்டு தடவை துள்ளிக் குதிச்சுது.”

“நீயேவா இறக்கின?”

“நானேதான்.”

“அப்போ வீட்டுக்கு நான் ஓட்டறேன். நீ மகாராணி மாதிரி சும்மா உக்காரு.”

அவள் உட்கார்ந்தாள். மகள் ஓட்டுவதை அவள் பக்கத்தில் இருந்து பார்த்ததே இல்லை. நன்றாக ஓட்டினாள். முதுகு நிமிர்ந்து, கண் தெருவில், கைகள் இரண்டும் தளர்வாக. யாரும் குறுக்கிடாமல் ஒரு பிள்ளை ஒரு காரியத்தைச் செய்வது இவ்வளவு அழகாக இருக்குமா என்று நினைத்தாள். எத்தனை வருஷம் போய்விட்டது என்றும் நினைத்தாள். இந்த அழகைக் காணவிடாமல் செய்தவர் மேல் வந்த கோபத்தில் பாதி தன் மேலேயே திரும்பியது.

தன் வலது கை மரத்திருப்பதை அப்போதுதான் கவனித்தாள்.

அவளிடம் வருகிறவர்களுக்கு ஊசி போட்ட பிறகு கன்னம் மரத்துப்போகும். “யாரோட கன்னமோ மாதிரி இருக்கு, டாக்டர்” என்பார்கள். அவள் கை மடியில் அப்படிக் கிடந்தது. யாருடைய கையோ மாதிரி. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்ததால் இருக்கும் என்று நினைத்து, தேய்த்து விடுவதற்காக இன்னொரு கையை நீட்டினாள்.

கை மடியை விட்டு எழுந்தது.

அவள் எழுப்பவில்லை.

அது மெதுவாக, அவசரமே இல்லாமல், மகளின் பக்கம் போனது. இரண்டு விரல் மட்டும் நீண்டு ஸ்டியரிங்கின் மேல் உட்கார்ந்தன. உட்கார்ந்து, இடது பக்கமாக, லேசாக இழுத்தன.

“அம்மா,” என்றாள் மகள். “கைய எடு.”

அவள் எடுக்கப் பார்த்தாள். இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். வேரோடு பிடித்திருந்தது.

“அம்மா, விளையாடாத. கைய எடும்மா.” நடுத் தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வந்தாளே, அந்தப் பெண்ணின் குரல் அது.

விடுங்க என்று அவள் சொன்னாள், அவர் விட்டார். எங்கே போவார் என்று அவள் கேட்கவில்லை.

“முடியல, கண்ணு,” என்றாள், உதடு மட்டும் அசைய.

கண்ணாடிகள் எல்லாம் சாத்தியிருந்த காருக்குள் புதினா நெடி நிறைந்தது. அவளுடைய விரலில் மோதிரம் கிடையாது; பல் பார்க்கிறவர்கள் போடுவதில்லை. அந்த வெறும் விரல் மகளின் ஸ்டியரிங்கிலிருந்து சற்றே எழும்பியது.

டிக். டிக்.