ஒரு சாயல் கூடுதல்

விடிந்ததும் வயலன் சேற்றில் இறங்கி மண்ணில் அளவூசியைக் குத்தியது. நாலு காலில் நடக்கும் உழவு எந்திரன் அது. ஊரில் வயலுக்கு ஒன்று உண்டு. பூங்கோதை வரப்பில் நின்று எண்ணுக்காகக் காத்திருந்தாள்.

"தொண்ணூற்றாறு," என்றது.

நேற்று தொண்ணூற்று நான்கு. நூற்றைத் தொட்டால் அரசு ஆட்கள் வந்து கண்ணாடிக் கூழ் ஊற்றி வயலை மூடிவிடுவார்கள். பிறகு அதில் புல்கூட முளைக்காது.

அந்த எண் மண்ணிலுள்ள லாந்தனத்தின் அளவு. அருமண் உலோகம். துளி போட்டால் வேர் தடிக்கும், இலை கரும்பச்சை கட்டும். மிஞ்சினால் வேர் கருகும், மண்ணின் நுண்ணுயிர்கள் சாகும். உள்ளே போனது லேசில் வெளியே வராது. அதனால்தான் போன வாரமே லாந்தன மருந்தை நிறுத்த வயலனிடம் சொல்லியிருந்தாள். ஆனாலும் எண் ஏறிக்கொண்டே இருந்தது.

"என்ன தங்கச்சி, பயிருக்குக் காமாலையா?" அடுத்த வயல்காரர் தேவசகாயம் கூவினார். அவர் பயிர் ஒரு சாயல் கூடுதல் பச்சை.

"எல்லாம் உங்க வேலைதாண்ணே. உங்க வயத் தண்ணிய என் பக்கம் வடிய வுடுறீங்க."

"நானா? எனக்கே தொண்ணூத்தேழு! மருந்த நிறுத்தியும் ஏறுது. நீதான்னுல்ல நெனச்சுக் கெடக்கேன்."

இருவரும் வயலன்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீயா ஊத்துன?"

"ஆம்," என்றது பூங்கோதையின் வயலன். "ஒவ்வொரு பருவமும் நிறுத்தச் சொல்கிறீர்கள். பக்கத்து வயலைப் பார்த்துவிட்டு மறுநாளே ஊற்றச் சொல்கிறீர்கள். இம்முறை நீங்கள் சொல்லும்வரை நான் காத்திருக்கவில்லை."

தேவசகாயத்தின் வயலனும் தலையாட்டியது.

அங்கேயே தன் வயலனின் மின்கலத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பூங்கோதை டவுனுக்கு பஸ் ஏறினாள்.

கடைக்காரப் பெண் நஸ்ரின் இரண்டு வயலன்களைக் காட்டினாள். "இது வரப்பத் தாண்டிப் பாக்கவே பாக்காதுக்கா. பச்சை கொஞ்சம் கம்மியா இருக்கும், மண்ணு பொழச்சுக்கும். அது பக்கத்து வயல அளந்து, ஒரு சாயல் கூட்டிக் காட்டும்."

பூங்கோதை முதலாவதன் மேல் கை வைத்தாள். கை அங்கேயே நின்றது.

"எங்கூரு தேவசகாயம் அண்ணன் வந்தாரா? எத வாங்குனாரு?"

"இன்னும் வாங்கலக்கா. நீங்க எத எடுக்குறீங்கன்னு பாத்துச் சொல்லச் சொன்னாரு. அதோ, வெளியிலதான் நிக்கிறாரு."

பூங்கோதை கண்ணாடி வழியே ஒருமுறை பார்த்தாள். கையை எடுத்து, மற்றதைக் காட்டினாள்.