தேய்த்தும் போகாத முகம்

அண்ணன் செத்த பிறகு தம்பி அன்றைக்குத்தான் கல்லச்சுக்கூடத்தைத் திறந்தான். ஈரக் கல்லும் மையும் கலந்த வாடை குப்பென்று அடித்தது. மறுமலர்ச்சிக் காலத்து இறுதித் தீர்ப்பு ஓவியத்தை நிறத்துக்கொரு கல்லில் வரைந்து, தேவாலயங்களுக்கு அச்சிட்டுக் கொடுப்பது அவர்கள் தொழில். வரைவது அண்ணன். பேரும் புகழும் அவனுக்கே போனதில் தம்பிக்கு வயிற்றெரிச்சல். அடுக்கிலிருந்த கல்லை அண்ணன் தலைமேல் தள்ளியவன் அவன்தான். தானாகச் சரிந்தது என்று எல்லோரையும் நம்பவைத்துவிட்டான், பாவி.

கறுப்பு மைக்கான கல்லில், வானதூதர் நரகத்துக்கு இழுத்துப்போகும் ஒருவனுக்கு மட்டும் முகம் வரையாமல் விட்டிருந்தான் அண்ணன். உதவிக்கு வந்திருந்த அண்ணி மை தடவினாள். தம்பி தாளை வைத்து அழுத்தி உரித்தான்.

வெற்றிடத்தில் ஒரு முகம்.

இடது கன்னத்தில் மரு. அவனுடைய மரு.

அந்த உருவத்தின் கைகள் ஒரு கல்லைத் தள்ளிக்கொண்டிருந்தன.

தாளைச் சட்டென்று கசக்கினான்.

"என்ன தம்பி, சரியா விழலையா?" அண்ணி மெதுவாகக் கேட்டாள்.

"கல்லு கெட்டுப்போச்சு அண்ணி. நீங்க வீட்டுக்குப் போங்க. நானே தேச்சுடறேன்."

அவள் போனதும் கதவைச் சாத்தினான். மணலும் தண்ணீரும் போட்டு, கை ஓயும்வரை தேய்த்தான். அரைகுறையாகத் தேய்த்தால் பழைய படம் மறுபடி எழும்பும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. முகம் மங்க மங்க அவன் கன்னம் எரிந்தது. தொட்டுப் பார்த்தான். விரலில் ரத்தம்.

கல்லுக்குள்ளிருந்து ஒரு கை அவன் தலைமயிரைப் பற்றியது.

கத்த வாய் திறந்தான்.

வாய் நிறைய மணல்.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கல்லுக்கு மேலே, மிக அருகில், அண்ணி அவனைக் குனிந்து பார்த்தாள். அவனால் இமைக்க முடியவில்லை. மரு இப்போது வலது கன்னத்தில் இருந்தது. கல்லில் எல்லாம் இடம் வலம் மாறித்தானே இருக்கும்.

"அந்தத் தாளை நான் பாத்துட்டேன் தம்பி," என்று கிசுகிசுத்தாள்.

பிறகு மணலை அள்ளிப்போட்டு, அவசரமே இல்லாமல் தேய்க்க ஆரம்பித்தாள்.

தம்பியை அதன்பின் யாரும் பார்க்கவில்லை. அந்தக் கல் மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது. எப்படித் தேய்த்தாலும் முதல் தாளில் அந்த முகம் வந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் அதன் வாய் இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்திருக்கிறது.