நாலு கிராம்பு

செல்போன் அலறியது!

தடயவியல் அதிகாரி ஸ்டெல்லா கையுறையைக் கழற்றிவிட்டு எடுத்தாள். கணவன் பெஞ்சமின். மலைமேல் நிலம் அளக்கும் சர்வேயர்.

"எங்க இருக்கே?"

"கொல்லிமலை ஐம்பத்திரெண்டாவது கொண்டை ஊசி வளைவுல. அநாதையா ஒரு கார் நிக்குது. ஓனர் தனபாலோட பொணம் கீழ பள்ளத்துல..."

"அய்யோ! கார்ல ஏதாவது கெடைச்சுதா?"

பதினோரு வருடத் தாம்பத்தியத்தில், அவள் வேலையைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி! வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷம் அவள் நெஞ்சில் எட்டிப் பார்த்தது.

"இப்பதான் பார்க்கறேன்..."

வைத்துவிட்டான்.

இன்ஸ்பெக்டர் வெங்கடாசலம் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி வந்தார். மலை ஏறிய மயக்கம் இன்னும் தீரவில்லை.

"எதுக்கு மேடம் சிரமம்? கொலைகாரன் ஜீப்ல இருக்கான். நிலத் தகராறு. நேத்து அடிவாரத்துல தனபால் கார்ல ஏறி, இங்க வந்ததும் மண்டையில போட்டு உருட்டி விட்டுட்டான். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க!"

ஜீப்பிலிருந்து விலங்கு குலுங்கியது. குப்புசாமி. மலைமேல் அரியூர் நாட்டு விவசாயி.

"ஏனுங்கம்மா... தனபாலு எங்க காட்டைத் தன் பேருக்கு அளந்துக்கிட்டது நெசந்தானுங்க. ஆனா முந்தாநாளு ஊட்டுக்கே வந்து அழுதாருங்க. 'கலெக்டர்ட்டப் போயி, அளந்தது பொய்யின்னு சொல்லிப்போடறேன்'னாரு. அவரை நான் எதுக்குங்க கொல்லோணும்?"

"நடிக்கிறான் மேடம்!"

ஸ்டெல்லா காரைச் சுற்றி வந்தாள்.

நின்றாள்.

இடது முன் ஜன்னலிலிருந்து பின்சக்கரம் வரை... மஞ்சளாய்க் காய்ந்த ஒரு கோடு!

"வாந்தி சார். பின்பக்கமா இழுத்திருக்கு. கார் ஓடறப்ப, தனபாலுக்குப் பக்கத்துல ஒக்காந்தவன் தலையை நீட்டி எடுத்திருக்கான். குப்புசாமி, மலை ஏறினா உங்களுக்கு வாந்தி வருமா?"

"எனக்குங்களா? வாரத்துக்கு ரெண்டு நடை, லாரியில மெளகு மூட்டை மேல தூங்கிக்கிட்டே வாரேனுங்க!"

"கேட்டீங்களா? கார்ல வந்தவன் கீழ்நாட்டு ஆளு. உங்களை மாதிரி..."

இன்ஸ்பெக்டர் சட்டென்று எலுமிச்சையைப் பாக்கெட்டில் ஒளித்தார்.

"மேடம்! நான் ஜீப்லதான் வந்தேன்!"

அவள் குனிந்து சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தாள்.

ஒரு பாலிதீன் பை. உள்ளே கடித்துச் சப்பிய எலுமிச்சை மூடி.

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார்.

"அட! நாலு கிராம்பு குத்தியிருக்கு. சிலுவை மாதிரி! எவளோ புண்ணியவதி பாசமாக் கட்டிக் குடுத்திருக்கா மேடம். அவளைப் புடிச்சா புருஷன் சிக்கிடுவான்!"

ஸ்டெல்லாவின் டார்ச் அந்தக் கிராம்புகள் மேலேயே நின்றது.

நேற்றுக் காலை. அடுப்படி. ஒவ்வொரு கிராம்பாகக் குத்தும்போதும், 'கர்த்தாவே, அவரைப் பத்திரமாக் கொண்டுபோய்ச் சேரும்' என்று முணுமுணுத்தது அவள்தான். பஸ்ஸில் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

பொய்யாய் அளந்த கை எதுவென்று, தனபாலின் வாயை அது எதற்கு மூடியதென்று இப்போது புரிந்தது.

இந்த நாலு கிராம்பின் அர்த்தம் உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அவள் வாயை மூடிக்கொண்டால் போதும். குப்புசாமி உள்ளே போவான். அவள் வாரா வாரம் கிராம்பு குத்துவாள்.

ஜீப்பிலிருந்து குப்புசாமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுபடி செல்போன்!

ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஸ்டெல்லா... ஏதாவது கெடைச்சுதா?"

"கெடைச்சுது. நேத்து நான் கட்டிக் குடுத்த எலுமிச்சம்பழம்."

மறுமுனைக் குரல் சட்டென்று தாழ்ந்தது.

"தூக்கிப் பள்ளத்துல வீசிடு! நமக்காக! யாருக்கும் தெரியாது..."

"தெரிஞ்சிருச்சுங்க."

லைனைத் துண்டித்தாள். இன்ஸ்பெக்டர் வாய் பிளந்து நின்றார்.

"மேடம்... உங்க வீட்டுக்காரரா?"

"குப்புசாமிக்கு விலங்கைக் கழட்டுங்க சார்."

பையைச் சீல் வைத்து, கையெழுத்துப் போட்டாள்.

"அவரைக் கூட்டிட்டு வர்றப்ப, மலை இறங்குற வரைக்கும் கையில ஒரு எலுமிச்சம்பழம் குடுங்க சார். அதுக்கப்புறம் தேவைப்படாது... சேலம் ஜெயில் வரைக்கும் நேர் ரோடுதான்!"