ஏழாம் தூணில் தங்கராசு

"என் புருசன் வாயை மூட நீங்க யாரு?" என்று மரகதம் போட்ட சத்தத்தில் பொதுச் சமையற்கூடமே அதிர்ந்தது.

"மூடலம்மா, குரலை மாத்தணும்னுதான் சொல்லுதேன்," என்றான் காவல் பொறுப்பாளன் செபஸ்தியான். "ஏழாம் தூண்ல அவரு கத்தக் கத்தக் கரடி கிட்ட வருது. வந்து குத்தவச்சு உக்காந்து கேக்குது."

"கேட்டா கேட்டுட்டுப் போவுது. நீங்க பேசினா யாரு உக்காந்து கேக்குறா?"

"பூரணம் அக்கா மக இளவேனி அந்த வழியாத்தான் தெனமும் வேலைக்குப் போகுது. அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

சாம்பார் கிண்டிக்கொண்டிருந்த பூரணம் அடுப்பைத் தணித்தாள். கொதிக்கிற சத்தத்தில் ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாது பாருங்கள்.

நாகைக் கரையைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு, வட துருவத்தில் இவர்களுக்கு இடம் கொடுத்தவர்கள் ஒரு நிபந்தனையோடுதான் கொடுத்தார்கள்: கரடியைச் சுடக் கூடாது. கரடிகள் மிஞ்சியவை கொஞ்சம். மனிதர்களுக்கு என்ன, எங்கும் இருக்கிறார்கள். ஆகவே இவர்கள் ஊரான பனிக்குப்பத்தைச் சுற்றிக் குரல்தூண்கள் நின்றன. தூணுக்கு ஒருவர் குரல் கொடுக்க வேண்டும். அது வெறும் ஒலிப்பதிவு அல்ல. உணரிகளால் கரடியைக் கண்டுகொண்டு, குரலுக்குரியவர் எப்படி அதட்டுவாரோ அப்படி, சமயத்துக்கேற்ற புதுப் பேச்சாக அதட்டும். மனிதக் குரல் கேட்டால் கரடி விலகிப் போகும்.

தங்கராசு பனிவிரிசலில் விழுந்து, உடல்கூடக் கிடைக்காமல் போய் இரண்டு வருடம். குரல் மட்டும் ஏழாம் தூணில் பேசிக்கொண்டிருந்தது. உயிரோடிருந்தபோது பெண்டாட்டியிடம் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசாத மனுசன் என்பது பூரணம் கைவசம் வைத்திருந்த தகவல்.

அமாவாசைதோறும் மரகதம் மேலங்கிக்குள் எதையோ மறைத்து வெளியே போவதும் பூரணத்துக்குத் தெரியும். எதை என்பதுதான் தெரியாது. அந்த மாத அமாவாசையன்று நண்பகலில், சூரியன் எட்டிப் பார்க்காத குளிர்கால இருட்டில், பின்னாலேயே கிளம்பினாள். துணையில்லாமல் வெளியே போகக் கூடாது என்பது ஊர் விதி. தான் துணைக்குப் போவதாகவே நினைத்துக்கொண்டாள். மரகதத்திடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஏழாம் தூணடியில் மரகதம் எவர்சில்வர் தட்டை வைத்தாள். சோறு, பருப்பு, வறுத்த மீன். பிறகு வானத்தைப் பார்த்து, "கா... கா..." என்று கூப்பிட்டாள். அந்தச் சீமையில் காக்கைக்கு எங்கே போவது?

தூண் விழித்துக்கொண்டது. "போ. கிட்ட வராத. போங்குறேன்ல."

பனிமேட்டுக்குப் பின்னாலிருந்து வெள்ளையாக ஒன்று அவசரமில்லாமல் வந்தது, வேலை முடிந்து சாப்பிட வருகிற ஆள் மாதிரி. அதன் பின்னால் இரண்டு குட்டிகள்.

"வந்துட்டீங்களா," என்றாள் மரகதம் கரடியிடம். "இன்னிக்கு மீனு."

தங்கராசு எப்போது தாயானான் என்று கேட்கப் பூரணத்தின் நாக்கு துடித்தது. கேட்காமல் ஓரடி பின்வாங்கினாள்.

"மரகதம்," என்றது தூண். "ஓடாத. அது மூஞ்சியப் பாத்துக்கிட்டே பின்னால நட."

பெயர் சொல்லி அவன் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. மரகதம் கரடிக்கு முதுகைக் காட்டித் தூணின் பக்கம் திரும்பி, அழ ஆரம்பித்தாள்.

பூரணம் பயிற்சியில் சொன்னபடி இரண்டு கைகளையும் தூக்கிப் பலம்கொண்ட மட்டும் கத்தினாள். பாதி ஊர் பயப்படுகிற குரல் அது. கரடி தட்டிலிருந்து தலையை நிமிர்த்தியது. உதட்டை நக்கிக்கொண்டு அவளை நோக்கி நடந்தது. குட்டிகளும் தொடர்ந்தன. அதற்கு இப்போது மனிதக் குரல் என்றால் சோறு.

பூரணம் வாயை மூடினாள். கரடி நின்று காதைத் தூக்கியது. சத்தமில்லாமல் பக்கவாட்டில் நகர்ந்து மரகதத்தின் கையைப் பிடித்தாள். அடி மேல் அடியாக இருவரும் பின்னால் நகர்ந்தார்கள். மேலே தங்கராசு நிறுத்தாமல் திட்டிக்கொண்டிருந்தான். கரடி அந்தப் பக்கமே திரும்பிப் போய், கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தது. அவசரத்துக்கு ஒதுங்கக் கட்டியிருந்த அறைக்குள் போய்க் கதவு சாத்தும்வரை அவன் பேச்சு ஓயவில்லை.

உள்ளே வானொலிக் கருவியை எடுத்தது மரகதம்தான். "செபஸ்தியான், நிறுத்திடுங்க," என்றாள். "அவரு போவட்டும்."

ஏழாம் தூணோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தாய் கற்றது குட்டிகளுக்கும் வந்துவிட்டது. எல்லாத் தூண்களையும் அணைத்தார்கள். வெளியில் யாரும் வாய் திறக்கக் கூடாது, வீட்டுக்குள்ளும் தணிந்தே பேச வேண்டும் என்று விதி வந்தது. எந்த வீட்டில் சண்டையோ, அந்த ஜன்னலுக்கு வெளியே கரடியின் மூச்சுக்காற்றில் கண்ணாடி மங்கும். ஊர் கைச்சைகைக்குப் பழகிக்கொண்டது.

கோடையில் மரகதமும் செபஸ்தியானும் ஒரே கப்பலில் தெற்கே போய் அங்கே கல்யாணம் செய்துகொண்டார்கள். அவன் எப்போது கேட்டான், அவள் என்ன சொன்னாள் என்பது பூரணத்துக்கு இன்றுவரை தெரியாது. எல்லாம் சைகையிலேயே முடிந்திருக்கிறது, அதுவும் இவள் ஜன்னலுக்கு நேர் எதிரே.

இளவேனிக்கு அடுத்த வருடம் வரன் அமைந்தது. மேளமில்லாமல் தாலி ஏறியது. புருசனோடு அவள் படகில் ஏறியபோது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள் என்று பூரணம் வாயைத் திறந்தாள். கரையோரப் பனியில் மூன்று தலைகள் நிமிர்ந்தன. மூடிக்கொண்டாள். இளவேனி திரும்பாமலே போய்விட்டாள்.