றோசியின் நூற்றெண்பதாவது நாள்

காலையில் ஊற்றிய பால் தேத்தண்ணி மத்தியானம் வரை மேசையிலேயே ஆடை படர்ந்து கிடந்தது. அருந்ததிக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. தேத்தண்ணி தொண்டைக்குள் இறங்காமல் ஒரு நாளையும் தொடங்காத மனிசி அவள். சரி, இன்றைக்கு அதெல்லாம் யாருக்கு ஞாபகம் வரும்? இன்று நூற்றெண்பதாவது நாள். நாலு மணிக்கு மிருக வைத்தியர் றஜிந்தன் வந்து கடைசிக் கையெழுத்தைப் போட்டுவிட்டால், வெள்ளிக்கிழமை அவளும் றோசியும் விமானம் ஏறிவிடலாம்.

மகள் தயாளினி இருக்கும் நாட்டுக்காரர் மனிதரைக்கூட விட்டுவிடுவார்கள். நாயென்றால் பொல்லாத கெடுபிடி. தோலுக்கடியில் சிப், தடுப்பூசி, இரத்தப் பரிசோதனை. அதுவும் போதாதென்று ஆறு மாதம் வீட்டிலேயே கம்பிவலை அடித்த அறையில் தனிமை. தினமும் படிவத்தில் ஒரு வரி நிரப்ப வேண்டும்: சாப்பிட்டதா, குடித்ததா, வேறு விலங்கு கடித்ததா, கீறியதா. ஒன்று பிசகினாலும் திரும்ப முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

"நாயை ஆரிட்டையும் குடுத்திட்டு வாங்கோவன் அம்மா" என்று தயாளினி ஒருமுறை சொன்னபோது அருந்ததி போனை வைத்துவிட்டாள். புருசன் செத்த பிறகு எட்டு வருசம் அந்தத் தெல்லிப்பழை வீட்டில் அவளோடு மூச்சுவிட்ட ஒரே உயிர் றோசிதான். அதை விட்டுவிட்டுப் போவதைவிடப் போகாமலே இருந்துவிடலாம்.

பிசகியது முப்பத்தோராம் நாள் மட்டும்தான். பட்டப்பகலில், சீலிங் பலகை விலகிய இடத்தால் ஒரு மரநாய் அந்த அறைக்குள் தொப்பென்று விழுந்தது. இரவில் மட்டும் நடமாடுகிற சாதி, ஆளைக் கண்டால் பறந்துவிடும். இதுவோ ஓடவில்லை. வாயில் நுரை தள்ள, தள்ளாடித் தள்ளாடி றோசியை நோக்கி நடந்தது. அருந்ததி குறுக்கே பாய்ந்து, கைகால் எல்லாம் பட்டுச் சிராய, தும்புத்தடியால் அடித்து அதைத் துரத்தினாள். பிறகு றோசியின் மயிரைப் பிளந்து பிளந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. அவளுடைய பெருவிரலில்தான் ஒரு கீறல். ஆசுப்பத்திரிக்குப் போனால் என்ன கடித்தது என்று கேட்பார்கள், எழுதுவார்கள், கதை றஜிந்தனின் காதுக்குப் போகும். மஞ்சளை அப்பிக்கொண்டு படிவத்தில் 'இல்லை' என்று எழுதினாள்.

அந்த மரநாய் போன பிறகும் அறையில் கறிக்குப் போடும் ரம்பை இலையின் வாசம் நாலைந்து நாள் நின்றது. அந்தச் சாதியின் உடம்பு மணம் அப்படித்தான். இப்போது, அடுப்பே மூட்டாத வீட்டில், முந்தநாளிலிருந்து அதே வாசம்.

முந்தநாளிலிருந்துதான் றோசியும் அவளிடம் வரவில்லை. வாலை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நின்று பார்க்கிறது. கடவுளே, விசரின் தொடக்கமோ, மரநாயிடமிருந்து வந்த வெறிநோயோ? விசர் பிடித்த உயிருக்கு வெளிச்சமும் காற்றும் ஆகாது என்று போனில் வாசித்திருந்தாள். யன்னல்களை எல்லாம் சாத்தினாள். ஃபானையும் நிறுத்தினாள். அந்தக் காற்று முகத்தில் பட்டபோது அவளுக்கே தேகமெல்லாம் ஊசி ஏறியது. பாவம், றோசிக்கு எப்படி இருக்கும்? இருட்டுக்குள் உட்கார்ந்து, மூன்று நாளாய் எரிகிற பெருவிரலைச் சொறிந்தபடி, நாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படலையில் பக்கத்து வீட்டு உதயகலா கூப்பிட்டாள்.

"அருந்ததியக்கா! என்ன, வீட்டைப் பூட்டிக்கொண்டு இருக்கிறியள்?"

அருந்ததி கதவை ஒரு விரல் அளவு திறந்தாள். "றோசிக்கு ஏதோ சுகமில்லை பிள்ளை."

"அது காலமை நல்லாத்தானே குரைச்சது. உங்கடை குரல்தான் அடைச்சுப் போச்சு. கொத்தமல்லி அவிச்சுத் தரட்டே? சுடச்சுட ரெண்டு மிடறு…"

"வேண்டாம்!"

உதயகலா ஒரு அடி பின்னே வைத்தாள். அந்தக் கத்தலில் அருந்ததியே திடுக்கிட்டுப் போனாள்.

மூன்றரைக்கு அவளால் பொறுக்க முடியவில்லை. றஜிந்தன் வந்து கண்டுபிடிப்பதற்கு முன் தானே பார்த்துவிட வேண்டும். தண்ணீர்தான் சோதனை. விசர் பிடித்தது தண்ணீரைத் தொடாது. கிண்ணத்தை நிரப்பி அறைக்குள் வைத்தாள். வைக்கும்போது முகத்தை ஏன் மறுபக்கம் திருப்பிக்கொண்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

றோசி அசையவில்லை.

அவள் வலைக்கு வெளியே வந்தாள். பத்தடி தள்ளி நின்றாள். றோசி அவள்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் மெல்ல வந்தது. மோந்தது. குனிந்தது.

சளக். சளக். சளக்.

"என்ரை செல்லம்! என்ரை குஞ்சு!" அருந்ததி சிரித்தாள், அழுதாள். ஒன்றுமில்லை. றோசிக்கு ஒன்றுமேயில்லை. வெள்ளிக்கிழமை விமானம். அந்தச் சந்தோசத்தில்தான் தன் நாக்கு காய்ந்து கிடப்பது தெரிந்தது. செம்பை எடுத்தாள்.

சளக். சளக்.

அந்தச் சத்தம் கழுத்துக்குள் ஏறியது. செம்பு உதட்டருகே வந்தது. தண்ணீர் மின்னியது.

தொண்டை பூட்டிக்கொண்டது.

மூச்சில்லை. கழுத்து தானாகப் பின்னே வளைந்தது. செம்பு விழுந்தது. தண்ணீர் தரையில் பரவி, அவள் காலை நோக்கி வந்தது. அவள் கதிரையில் ஏறினாள். குந்தினாள். ஒரு செம்புத் தண்ணீர். அதைப் பார்க்க முடியவில்லை.

றோசிக்குத் தடுப்பூசி போட்டிருந்தது. அவளுக்கு?

மேசை கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. மேலே படிவம். கடைசி வரி காலியாக இருந்தது. பேனையை எடுத்து எழுதினாள்: இல்லை. எழுத்தின்மேல் ஏதோ சொட்டியது. துடைத்தாள். மறுபடி சொட்டியது. வெள்ளையாக, நூல் நூலாக, தன் வாயிலிருந்து. ரம்பை வாசத்தோடு.

படலைக் கொழுக்கி கிளிக்கென்றது. றஜிந்தனின் குரல்.

"அன்ரி, நிக்கிறியளே? உள்ளுக்கு வாறன்."

'வராதை தம்பி' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. வேறொரு சத்தம் வந்தது.

வலைக்கு அப்பால் றோசி சுவரோடு ஒட்டி நின்றது. எட்டு வருசத்தில் முதல்தடவையாக, அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

கதவுப் பிடி திரும்பியது. கதிரையில் குந்தியிருந்த அருந்ததி மெல்லத் தலையைத் திருப்பினாள்.